முப்பத்தொன்று வாங்கிய வருஷம்

குடிநீர்த் துறை மேற்படிப்புக்கான நேர்காணலில் பேராசிரியை மதிப்பெண் பட்டியலைப் புரட்டிக்கொண்டே வந்து, இரண்டாம் வருஷத்து வேதியியலில் விரலை வைத்தார். வைத்த விரலை எடுக்கவே இல்லை. இவளும் அந்த விரலையே பார்த்தாள். குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள், தண்ணீரைப் பற்றி எதைக் கேட்டாலும் புட்டுப்புட்டு வைப்பாள். இந்த முப்பத்தொன்றை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது? இந்த வருஷத்தை விட்டால் வயது வரம்பும் தாண்டிவிடும்.

டைபாய்டு என்று சொல்லிவிடு, யார் போய் விசாரிக்கப் போகிறார்கள் என்று அக்கா படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தாள். தண்ணீரால் வருகிற நோயாகவே தேர்ந்தெடுத்தாளாம், படிப்புக்குப் பொருத்தமாக இருக்குமாம். அக்காவுக்கு எதிலும் அரைகுறை வேலை பிடிக்காது.

"கெமிஸ்ட்ரில மட்டும் எப்படி இப்படி ஆச்சு?"

அதட்டல் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிற குரல். அதுதான் காரியத்தைக் கெடுத்தது. டைபாய்டு தொண்டைவரை வந்து நின்றுவிட்டது.

"கிளாஸுக்கே போகல மேடம். காலேஜ்ல இறங்காம பஸ்லயே கடைசி ஸ்டாப் வரைக்கும் போயிடுவேன்."

"அங்க என்ன இருக்கு?"

அங்கே தண்ணீர் சுத்திகரிக்கும் நிலையம் இருந்தது. ஆற்றுத் தண்ணீர் டீ நிறத்தில் உள்ளே வரும். கடைசித் தொட்டியிலோ அடியில் கிடக்கிற ஆணிகூடத் தெரியும். நடுவில் என்னதான் நடக்கிறது என்று மண்டை குடையும். கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்காக நிற்பாள். காவலாளி முதலில் விரட்டிப் பார்த்தார், அப்புறம் நாற்காலி போட்டுவிட்டார். அங்கே தொட்டியில் கலங்கலைத் தெளியவைக்கப் படிகாரம் கலந்துகொண்டிருந்த நேரத்தில், இங்கே வகுப்பில் அதே படிகாரத்தைத்தான் நடத்திக்கொண்டிருந்தார்கள். கேள்வித்தாளைப் பார்த்த பிறகுதான் அந்தக் கூத்து இவளுக்கே தெரிந்தது. சமன்பாடு எழுதச் சொன்னால் திருதிருவென்று முழிக்காமல் என்ன செய்வாள்? எல்லாவற்றையும் கொட்டி முடித்தபோது, அக்கா கேட்டால் கொன்றே போடுவாள் என்று நினைத்துக்கொண்டாள்.

பேராசிரியை சிரிக்கவில்லை, திட்டவுமில்லை. எழுந்துபோய் அலமாரியிலிருந்து கலங்கல் தண்ணீர் நிரம்பிய கண்ணாடிக் குவளையையும் படிகாரக் கரைசலையும் ஒரு கரண்டியையும் எடுத்து வந்தார். மேசையில் இடமில்லை. மதிப்பெண் பட்டியல் மேலேயே குவளையை வைத்தார்.

"எவ்வளவு விடுவீங்க?"

இவள் குவளையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் கலக்கி, கரண்டியை வெளியே எடுத்தாள். பேராசிரியை ஏதோ குறித்துக்கொள்ளப் பேனாவைத் தேடித் துழாவினார்.

"மேசை ஆடுது மேடம். கொஞ்சம் அசையாம இருங்க."

பேராசிரியை கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். இரண்டு தலைகளும் குவளைப் பக்கம் குனிந்தன. கலங்கலுக்குள் முதல் துகள் பஞ்சுபோலத் திரண்டு, கொஞ்சம் தயங்கி, மெல்லக் கீழே இறங்கத் தொடங்கியது.