நூல் விட்ட தயிர்

மயிலாப்பூரில் குடியிருந்த ஹம்சினிக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். பாலைக் காய்ச்சினால் சத்தெல்லாம் போய்விடும் என்று யாரோ பேசிய வீடியோவைப் பார்த்துவிட்டு, பக்கத்துத் தெருவில் மாடு வைத்திருக்கும் பொன்ராஜிடம் கறந்த பால் ஒரு லிட்டர் வாங்கினாள்.

"காய்ச்சாமயா தோய்க்கப் போற? வோணாம்மா. மாடு சாணியிலயே படுத்துக்கினு கீது" என்றார் அவர்.

அவள் கேட்கவில்லை. பச்சைப் பாலிலேயே உறைமோரை விட்டு மூடிவைத்தாள்.

மறுநாள் காலை மூடியைத் திறந்ததுமே கொட்டகை வாடை அடித்தது. மேலே மஞ்சளாக ஒரு படலம். அதில் ஒட்டியிருந்த கறுப்பு மயிர் மாட்டுடையதுதான். கரண்டியால் அள்ளினால், சளி மாதிரி கிண்ணத்திலிருந்து கரண்டிவரை நூல் விட்டது. வேலைக்கு நேரமாகிவிட்டது, அப்புறம் கொட்டலாம் என்று மூடிவிட்டு ஓடினாள்.

மத்தியானம் அவள் சாப்பிட வீட்டுக்கு வந்தபோது, வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் கணவன் ராகவேந்திரன் சாதம் பிசைந்துகொண்டிருந்தான். விரலிடுக்கெல்லாம் கொழகொழவென்று வெள்ளை. அவன் கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் விழுங்கினான்.

"ராகவ், என்ன பண்ணிண்டிருக்க?"

"தயிர் சாதம். நன்னாத்தான் இருக்கு."

அவன் மோவாயில் ஓர் இழை ஒட்டிக்கொண்டு ஆடியது. ஹம்சினி கைகழுவும் தொட்டிக்கு ஓடி வாந்தியெடுத்தாள்.

வாய் கொப்பளித்துவிட்டு வந்து கேட்டாள்: "எப்படி இதை வாயில வெச்ச?"

"ஆசையா பண்ணிருக்க. வேண்டாம்னா வருத்தப்படுவியோன்னு..."

அந்தப் பதில் அவளுக்குத் தயிரைவிடக் குமட்டியது. எட்டு மாதமாக எதைப் போட்டாலும் இதே 'நன்னாத்தான் இருக்கு'. எல்லாவற்றையும் இப்படிக் கண்ணை மூடித்தான் விழுங்கினானா?

"நிஜத்தைச் சொல்லு. எப்படி இருந்தது?"

அவன் தட்டைப் பார்த்தான். "மாட்டு வாலை நக்கின மாதிரி. உன் பூண்டு ரசமும் எனக்கு..."

முடிக்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு குளியலறைக்கு ஓடினான். மூன்று மணிவரை வெளியே வரவில்லை.

சாயங்காலம் டாக்டர் இருவரையும் சேர்த்துத் திட்டினார். வீட்டுக்கு வந்து ஹம்சினி மூச்சைப் பிடித்துக்கொண்டு தயிரைக் கொட்டினாள். மூன்று தடவை தேய்த்தும் கிண்ணத்தில் வாடை போகவில்லை. கிண்ணத்தையே குப்பையில் போட்டாள்.

இரண்டு நாள் கழித்துப் பாக்கெட் பாலைப் பொங்கப் பொங்கக் காய்ச்சித் தோய்த்தாள். கெட்டியாக, வெள்ளையாக உறைந்திருந்தது. ஒரு கரண்டி எடுத்து அவன் தட்டருகே கொண்டுபோனாள்.

"எனக்கு வேண்டாம்" என்றான் ராகவேந்திரன், பட்டென்று.

அவளுக்கும் அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. ஃப்ரிட்ஜுக்குள் தள்ளிவிட்டு அவன் எதிரில் உட்கார்ந்தாள். "சரி, பூண்டு ரசத்துல என்ன குறை? சொல்லு."