இடது கை மட்டும் இறுகிய ஸ்வெட்டர்

பெரியவளுக்குக் கோபம் வந்தால் வீட்டில் பாத்திரம் உருளாது, கதவு அறைபடாது. ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவள் அவள். பின்னால் நாற்பது பிள்ளைகள் கூச்சல் போட, முன்னால் எவனாவது சிக்னலைத் தாண்டி மூக்கை நுழைக்க, முகம் சுளிக்காமல் ஸ்டியரிங் பிடித்துப் பழகியவள். "எனக்குக் கோபமே வராது" என்று அவளே ஊர் முழுக்கச் சொல்லிக்கொள்வாள். கேட்கிறவர்கள் தலையாட்டி வைப்பார்கள். இல்லை என்று சொல்லிப் பார்க்க யாருக்குத் தைரியம் இருக்கிறது?

அப்பேர்ப்பட்டவள் தங்கையோடு பேசிப் பதிமூன்று நாள் ஆகியிருந்தது.

தங்கை, அதாவது சின்னவள், ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். ஒரே கட்டடத்தில் இரண்டாம் மாடியில் அக்கா, மூன்றாம் மாடியில் தங்கை. பதினோரு வருஷமாக அந்தப் பதினெட்டுப் படிகளில் சர்க்கரை ஏறும், குடை இறங்கும், வம்பு இரண்டு பக்கமும் போகும். அந்தச் சின்னவளுக்கு வேறு ஊரில், மலைப்பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரியில், எக்ஸ்ரே பிரிவுக்கே தலைமையாக வேலை கிடைத்திருந்தது. நல்ல வேலை. யாருக்குத்தான் சந்தோஷமாக இருக்காது?

ஆனால் பெரியவளுக்கு விஷயம் தெரிந்தது தங்கை வாயால் இல்லை. தெருமுனைப் பூட்டுக்காரர் வாயால். புதிதாகக் குடிவரப் போகிறவர்களுக்கு ஒரு சாவி வேண்டும் என்று சின்னவள் அவர் கடையில் மாற்றுச் சாவி போடக் கொடுத்திருக்கிறாள். மனுஷன் வெள்ளந்தியாக, "தங்கச்சி கிளம்புறாங்களாமே, உங்களுக்கு வீடு வெறிச்சுன்னு ஆயிடும்" என்று பெரியவளிடமே துக்கம் விசாரித்துவிட்டார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. படிக்கட்டிலேயே பிடித்துக்கொண்டாள் பெரியவள்.

"ஊருக்கெல்லாம் தெரிஞ்சதுக்கப்புறம் கடைசியா எனக்குச் சொல்லலாம்னு இருந்தியா?"

"சொல்லணும்னுதான் இருந்தேன்க்கா."

"எப்போ? ரயில் ஏறினதுக்கப்புறமா? போம்மா, மகராசியா போ. நான் யாரு உனக்கு?"

அவ்வளவுதான். அதற்குப் பிறகு சர்க்கரையும் ஏறவில்லை, குடையும் இறங்கவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், சண்டைக்கு முன்பே பெரியவள் தங்கைக்கு ஒரு ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தாள். எக்ஸ்ரே அறையில் மிஷினுக்காக ஏசியைக் குளிரக் குளிர வைத்திருப்பார்கள், சின்னவள் நடுங்கிக்கொண்டே வேலை பார்ப்பாள். அதற்காகத் தடிமனான கம்பளி நூலில், கத்தரிப்பூ நிறத்தில் ஒரு ஸ்வெட்டர். உடம்புப் பகுதியும் வலது கையும் முடிந்திருந்தன. சண்டை வந்துவிட்டது என்பதற்காக ஆரம்பித்த வேலையை நிறுத்துகிற ஆளா அவள்? "கோபம் வேற, வேலை வேற" என்று வீட்டுக்காரரிடம் அறிவித்துவிட்டு, திங்கட்கிழமையே இடது கையை ஆரம்பித்தாள். முடித்ததும் அவர் கையில் கொடுத்து மாடிக்கு அனுப்புவதாக ஏற்பாடு. வீட்டுக்காரர் நல்ல மனிதர். மனைவியின் கையால் பிறந்த குல்லாய், காலுறை எல்லாவற்றையும் வாய் பேசாமல் போட்டுக்கொள்கிறவர். இதற்கும் வாய் பேசவில்லை.

சின்னவள் கிளம்புவதற்கு முந்தின நாள், சனிக்கிழமை மத்தியானம், பூட்டுக்கடையின் பின்னறையில் வழக்கம்போல மூன்று பேரும் கூடினார்கள். பெரியவள், கணக்கு டீச்சர், பூட்டுக்காரர். சுவர் முழுக்கச் சாவிகள், நடுவில் ஒரு மேஜை, மூன்று நாற்காலி, கெட்டிலில் தேநீர். ஐந்து வருஷமாகச் சனிக்கிழமை தவறியதில்லை. டீச்சர் சால்வை பின்னுவாள். பூட்டுக்காரர் கொக்கி ஊசியால், சூடான பாத்திரம் பிடிக்கிற சூட்டுத்துணிகளை வட்ட வட்டமாகப் பின்னுவார். அவருக்குச் சதுரம் வராது, கேட்டால் "சாவித்துவாரத்தையே பாத்துப் பாத்துக் கண்ணு வட்டமாயிடுச்சு" என்பார். வாரம் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு வேலை பார்க்கிற மூன்று பேர் அங்கே வந்துதான் மூச்சு விடுவார்கள். நூலைவிட வாய்தான் அதிகம் ஓடும்.

அன்று பெரியவள் ஸ்வெட்டரின் இரண்டு கைகளையும் உடம்போடு இணைத்து முடித்துவிட்டு, "டீச்சர், எழுந்திருங்க. நீங்களும் அவளும் ஒரே அளவு. போட்டுக் காட்டுங்க" என்றாள்.

டீச்சர் போட்டுப் பார்த்தாள். வலது கை வழுக்கிக்கொண்டு போய் மணிக்கட்டில் நின்றது. இடது கை முழங்கையில் மாட்டிக்கொண்டது. இழுத்துப் பிடித்து உள்ளே தள்ளினால், மணிக்கட்டுக்கு நாலு விரல் மேலேயே முடிந்துவிட்டது.

"வரிசைய எண்ணுறதுல தப்பு விட்டிருப்பேன்" என்றாள் பெரியவள். தப்பு என்ற வார்த்தை அவள் வாயில் வந்ததே அதிசயம்.

கணக்கு டீச்சர் சும்மா விடுவாளா? ஸ்வெட்டரைக் கழற்றி மேஜையில் விரித்து, வரிசைகளை ஊசி முனையால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். இரண்டு கையிலும் வரிசை ஒன்றே. வரிசைக்கு இத்தனை கண்ணி என்பதும் ஒன்றே. பிறகு ஸ்கேலை எடுத்து வைத்தாள். வலது கையில் பத்து சென்டிமீட்டருக்குப் பதினாறு கண்ணி. இடது கையில் இருபது.

"எண்ணிக்கை சரிதான். உங்க பிடிதான் இறுகியிருக்கு. ஒவ்வொரு கண்ணியையும் கழுத்தை நெரிச்சிருக்கீங்க."

"ஊசி மாறியிருக்கும்."

"உங்ககிட்ட இருக்கறதே இந்தத் தடிமன்ல ஒரு ஜோடி."

பூட்டுக்காரர் தன் சூட்டுத்துணியைக் கீழே வைத்தார். "டிரைவரம்மா, இந்தக் கைய எப்போ ஆரம்பிச்சீங்க?"

"திங்கட்கிழமை."

"சண்டை எப்போ?"

பெரியவள் ஸ்வெட்டரை மடிக்க ஆரம்பித்தாள். டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்படியும் சிரிப்பு விரலிடுக்கில் கசிந்துவிட்டது.

"எனக்கு ஒரு கோபமும் இல்ல!" என்று பெரியவள் போட்ட சத்தத்தில் சுவரில் மாட்டியிருந்த சாவிகள் கிலுகிலுத்தன.

டீச்சர் பேச்சை வளர்க்கவில்லை. மிச்சமிருந்த கத்தரிப்பூ நூலை எடுத்துக் கொடுத்து, "ஒரு சின்னத் துண்டு பின்னுங்க, பாத்துரலாம்" என்றாள். பெரியவள் விறுவிறுவென்று பின்னி மேஜையில் போட்டாள். ஸ்கேல் வைத்தார்கள். பத்து சென்டிமீட்டருக்கு இருபது. கூடவுமில்லை, குறையவுமில்லை.

இப்போதுதான் பெரியவள் நேரத்தைக் கணக்குப் போட்டாள். நாளைக்குச் சாயங்காலம் ஐந்து மணிக்கு ரயில். அந்த நிறத்தில் கடையில் நூல் இல்லை, மிச்சம் ஒரு சின்ன உருண்டைதான், இந்தக் கையைப் பிரித்துத்தான் மறுபடி பின்ன வேண்டும். டீச்சரைப் பின்னச் சொல்லலாம் என்றால் அவள் பிடி தளர்ந்த பிடி, அவள் பின்னினால் மீன் வலை மாதிரி இருக்கும். பூட்டுக்காரரைக் கேட்டால் வட்டமாகக் கொடுப்பார். ஆக, அவளேதான் பின்ன வேண்டும். அவள் எத்தனை தடவை பின்னினாலும் இதே கைதான் வரும். குளிர் ஊருக்குப் போகிற தங்கை ஒன்றரைக் கை ஸ்வெட்டரோடு போவாள். இல்லை, ஸ்வெட்டரே இல்லாமல் போவாள். பேசாமலும் போவாள். அவளைப் பேசாமல் அனுப்பிவிட்டு இந்தக் கட்டடத்தில் எப்படிக் குடியிருப்பது என்று பெரியவளுக்கு முதல் தடவையாகத் தோன்றியது.

"கோளாறு ஊசியில இல்லைங்க" என்றார் பூட்டுக்காரர் மெதுவாக. "மூணாம் மாடியில இருக்கு."

பெரியவள் நூல், ஊசி, ஸ்வெட்டர் எல்லாவற்றையும் பையில் திணித்துக்கொண்டு எழுந்தாள். "எனக்குத் தெரியும்" என்றாள். எது வந்தாலும் முன்னாடியே தெரிந்ததாகச் சொல்வது அவள் சுபாவம்.

மூன்றாம் மாடியில் கதவு திறந்திருந்தது. அலமாரி காலி. அட்டைப்பெட்டிகள் நடுவில் சின்னவள் தரையில் உட்கார்ந்து தட்டுகளைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள். அக்காவைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது.

மன்னிப்புக் கேட்கிற பழக்கம் பெரியவளுக்குக் கிடையாது. "எந்திரி. கைய நீட்டு" என்றாள்.

சின்னவள் எழுந்து கையை நீட்ட, அக்கா ஸ்வெட்டரைத் தலை வழியாக மாட்டிவிட்டாள். இடது கை உள்ளே போய் முழங்கையில் சிக்கிக்கொண்டது. ஒரு கை உயர்ந்தபடி, முகம் பாதி மறைந்தபடி நின்றவள், "என்னக்கா இது, இந்தக் கைய யாரு பின்னினது?" என்றாள்.

"நான்தான்."

"நீயா? உன் வேலை இப்படி இருக்காதே!"

"பின்ன எப்படி இருக்கும்? ஒவ்வொரு கண்ணிக்கும் உன்னைத் திட்டிக்கிட்டே பின்னினேன். டீச்சர் அளந்தே சொல்லிட்டாங்க, பத்து சென்டிமீட்டருக்கு நாலு வசவு கூடுதல்னு."

சின்னவளுக்கு அடக்க முடியவில்லை. கம்பளிக்குள்ளிருந்தே குபீரென்று சிரித்துவிட்டாள். சிரிப்பு தொற்றுவியாதி. பெரியவளின் உதடும் கோணியது, உடனே இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

"சிரிக்காத. உக்காரு. இத பிரிக்கணும்."

தோளிலிருந்து கையைத் தனியாகக் கழற்றி, நுனியை எடுத்துத் தங்கையிடம் கொடுத்தாள். சின்னவள் இழுக்க இழுக்க வரிசைகள் பொலபொலவென்று அவிழ்ந்தன. சுருண்டு சுருண்டு வந்த நூலை நாற்காலி முதுகில் சுற்றி, கெட்டில் ஆவியில் காட்டி, காயவிட்டு நீவிக் கொடுத்தாள் சின்னவள். அது ஒருபுறம் வரவர, பெரியவள் மறுபுறம் புதுக் கையைப் பின்ன ஆரம்பித்தாள். ஒரே நூல். இந்த முனையில் ஒருத்தி அவிழ்க்கிறாள், அந்த முனையில் ஒருத்தி பின்னுகிறாள். கோபித்துக்கொண்டு எழுந்து போகக்கூட வழியில்லை, நூல் அறுந்துவிடும்.

"ஏன்டி எங்கிட்டச் சொல்லல?" என்று கேட்டாள் பெரியவள், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"மூணு தடவை சொல்ல வந்தேன்க்கா."

"புளுகாத."

"நெஜம்மா. முதல் தடவை வந்தப்போ நீ என் கைய இழுத்து அளவு எடுத்தே. எக்ஸ்ரே ரூம் குளுருக்குன்னு சொன்னே. அந்த ரூமையே விட்டுட்டுப் போறேன்னு எப்படிச் சொல்வேன்? ரெண்டாவது தடவை வந்தா, உடம்பு முடிஞ்சிருச்சு பாருன்னு காட்டினே. மூணாவது தடவை வலது கை. ஒவ்வொரு தடவையும் வாயைத் திறப்பேன், உன் மூஞ்சியப் பாத்துட்டு மூடிக்குவேன். உங்கிட்டச் சொல்லிட்டா நான் போக மாட்டேன்னு எனக்குத் தெரியும். மத்தவங்ககிட்ட எல்லாம் சொல்றது சுலபம். அவங்களுக்காக நான் எதுக்கு நிக்கப்போறேன்?"

பெரியவள் ஒரு வரிசையைப் பின்னி முடித்தாள். ஊசியைத் திருப்பிக்கொண்டே சொன்னாள்.

"நல்ல வேலைடி. எனக்குப் பெருமைதான். பஸ்ல ஏறுற ஆயாம்மாகிட்டக்கூடச் சொல்லிட்டேன், எந்தங்கச்சி ஹெட்டாயிட்டான்னு. ஆனா நீ போறது எனக்குப் பிடிக்கல. ரெண்டும்தான் நெஜம். ரெண்டையும் ஒண்ணா எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான் கத்தினேன்."

"எனக்கும்தான்க்கா பிடிக்கல. ஆனா போகணும்னு ஆசையா இருக்கு."

"அப்ப போயேன். யாரு தடுத்தா?"

"நீதான், பதிமூணு நாளா."

இதற்குப் பெரியவள் அழுதாள். சின்னவளும் அழுதாள். நூல் நனைந்தது, எப்படியும் ஆவியில் காட்டவேண்டிய நூல்தானே என்று இருவரும் அதைப் பொருட்படுத்தவில்லை. பிறகு வீட்டுக்காரர் ஒரு தட்டில் சாப்பாட்டை மூடி எடுத்துக்கொண்டு மேலே வந்தார், இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார், தட்டை வைத்துவிட்டு வந்த வேகத்தில் இறங்கிவிட்டார்.

மறுநாள் காலையிலும் அதே இடத்தில் உட்கார்ந்தார்கள். பதிமூன்று நாள் பாக்கி வம்பு இருந்தது. டீச்சரின் சிரிப்பு, பூட்டுக்காரரின் வட்டம், ஆஸ்பத்திரியில் மோதிரத்தைக் கழற்ற மாட்டேன் என்று அடம்பிடித்து எக்ஸ்ரேயில் மோதிரத்தோடு விழுந்த ஒரு புதுமாப்பிள்ளை, எல்லாம் வந்தது. சிரித்துச் சிரித்து இரண்டு தடவை கண்ணி நழுவியது. கை முடிந்து ஸ்வெட்டரோடு சேர்ந்தபோது மணி இரண்டரை.

சின்னவள் போட்டுக்கொண்டாள். வலது கை மணிக்கட்டில் கச்சிதமாக நின்றது. இடது கை மணிக்கட்டைத் தாண்டி, விரல்களைத் தாண்டி, அதற்கு மேலும் தொங்கியது.

பெரியவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். ஸ்கேல் கூட வேண்டாம், பார்த்தாலே தெரிந்தது. பன்னிரண்டு பதிமூன்று கண்ணிக்கு மேல் இருக்காது. முப்பது வருஷத்தில் அவள் ஊசி இவ்வளவு தளர்ந்ததே இல்லை.

"கழட்டு. கடைசிப் பகுதியையாவது பிரிச்சுச் சரி பண்றேன்."

"தொட்டுப் பாரேன்" என்று சின்னவள் இரண்டடி பின்னால் போனாள்.

"ஹெட் உத்தியோகத்துக்கு இப்படியா போவே? என் மானத்தை வாங்காத."

"நான் இப்படித்தான் போவேன்."

அப்படியேதான் போனாள். ரயில் சொன்ன நேரத்துக்குக் கிளம்பியது. ஜன்னல் வழியாகச் சின்னவள் கையாட்டினாள், இடது கையால்தான், வேண்டுமென்றே. விரலே தெரியவில்லை. கத்தரிப்பூ நிறத்தில் வெறும் கம்பளி நுனி மட்டும் காற்றில் படபடவென்று ஆடியது. பிளாட்பாரத்தில் நின்ற அத்தனை பேரும் அதைத்தான் பார்த்தார்கள்.

பக்கத்தில் நின்ற ஒரு அம்மாள் சிரித்தபடி, "பாவம், யாரோ அளவு தெரியாம பின்னிக் கொடுத்திருக்காங்க போல" என்றாள்.

பெரியவள் ரயிலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவளும் கையை உயர்த்தி ஆட்டிக்கொண்டேயிருந்தாள்.

"நான்தாங்க பின்னினேன்" என்றாள், அந்தம்மாளுக்கு மட்டுமில்லை, பிளாட்பாரத்துக்கே கேட்கும்படி. "எந்தங்கச்சிக்கு."