மேகம் இறங்கும் ஜன்னல்

சைமா எங்களை விளையாடக் கூப்பிட்ட அன்று எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமில்லை. ஆன்லைனில் செருப்பு வாங்கியவர்களின் புலம்பலுக்குப் பதில் எழுதுவது எங்கள் வேலை. கடிக்கிற செருப்பு, பிய்ந்த வார், இரண்டுமே இடது காலாக வந்துவிட்ட ஜோடி. இதில் விளையாட்டு ஒன்றுதான் குறைச்சல் என்று முணுமுணுத்தேன்.

நாங்கள் நாலு பேர், நாலு ஊர். எங்களை மேய்க்கிற சைமா வாணியம்பாடியில். ஃபுர்கான் ஆம்பூரில். வெற்றிச்செல்வன் அடிவாரத்துச் சந்தவாசலில். நான் ஜமுனாமரத்தூருக்கும் மேலே, சாமைக் கொல்லைகளுக்கு நடுவில். ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததில்லை, பார்க்க ஆசையும் இல்லை. பதில் எழுதிக்கொண்டிருக்கும்போதே என் வாடிக்கையாளர் அந்தரத்தில் நிற்பார். ஃபுர்கானுடையவர்கள் சாயங்காலமானால் நிற்பார்கள். விட்டதை யாரும் எடுப்பதில்லை, பழியை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்வோம்.

கம்பெனி முதலாளி அதாவுல்லா சார் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் சொன்னார்: "தீபாவளி சேல்ல ஒரு கஸ்டமர் பாதியில நின்னாலும் சரி, எல்லாரும் மூட்டயக் கட்டிக்கினு வாணியம்பாடி ஆபீசுக்கு வந்துடுங்க."

மற்றவர்களுக்கு அது பஸ் பிரயாணம். எனக்கு அப்படியில்லை. தினமும் மலைப்பாதையில் இறங்கி ஏறினால் கடைசி பஸ் எனக்காகக் காத்திருக்காது. கீழேயே தங்கினால் என் வீட்டுக்காரர் கோவிந்தன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கல்யாணத்துக்கு முன்பு வேலூரில் ஹாஸ்டலில் இருந்து பார்த்தவள்தான் நான். ராத்திரியெல்லாம் விளக்கு எரிகிற ஊரில் எனக்குத் தூக்கமே வரவில்லை, தலையணை நனைந்ததுதான் மிச்சம். எனக்கு இந்த வேலையும் வேண்டும், இந்த மலையும் வேண்டும். பேராசைதான்.

அதனால்தான் நான் யாரிடமும் உண்மையைச் சொன்னதில்லை. ஐப்பசியில் மேகம் இறங்கினால் எங்கள் செல்போன் டவர் படுத்துவிடும். ஏன் என்று டவர்க்காரர்களுக்கே தெரியாது. "கரண்ட் போச்சுங்க" என்று எழுதிவிடுவேன். மேகத்தைச் சொன்னால் இறங்கி வா என்பார்கள் அல்லவா?

எங்களை ஒருவரோடு ஒருவர் பழக வைக்க சைமா ஆரம்பித்த முதல் விளையாட்டு சப்பென்று முடிந்தது. பிடித்த சாப்பாடு என்ன என்று கேட்டாள். எல்லாரும் பிரியாணி என்றோம், பிறகு பேச ஒன்றுமில்லை. மறுவாரம் வேறு மாதிரி ஆரம்பித்தாள்.

"மூஞ்சி வாணாம். கேமராவ ஆஃப் பண்ணிடுங்க. ஒருத்தர் மட்டும் ஜன்னல்ல தெரியிறத சொல்லணும். மத்தவங்க கண்ண மூடிக்கினு கேக்கணும். அப்புறமா கேட்டத வரையணும். ரேணுக்கா, நீங்க சொல்லுங்க."

நான் வேண்டாவெறுப்பாகத்தான் ஜன்னல் பக்கம் திரும்பினேன். அங்கே மேகம் கிளம்பியிருந்தது. அதைப் பார்த்தால் எனக்கு எப்போதும் பாதித் தூக்கம் வந்துவிடும்.

"மொதல்ல எதுத்த மலை காணாமப் போவுது," என்றேன். "சத்தமே இல்லீங்க. அப்புறம் பலாமரம். இப்ப எங்க வூட்டுக்காரரு கொல்லையில நிக்கிறாரு, தல மட்டும் தெரியுது... இப்ப அதும் இல்ல. மாடு எங்கியோ கழுத்து மணிய ஆட்டுது. எந்தப் பக்கம்னு தெரியல. அடுத்தது புளியமரம். அதுக்கப்புறம் வூட்டுக்குள்ள வந்துடும். பால் சட்டிக்குள்ள உக்காந்தா மாதிரி இருக்கும். புளியமரம் மறைஞ்சதும் டவரும் தூங்கிடும். நானும் சும்மா உக்காந்திருப்பேன்..."

சொல்லி முடித்த பிறகுதான் திரையின் மூலையைப் பார்த்தேன். அங்கே இன்னொரு கறுப்புக் கட்டம், அதில் அதாவுல்லா சாரின் பெயர். எப்போது வந்து உட்கார்ந்தாரோ! என் வாயாலேயே நான் கெட்டேன்.

அதற்குள் ஃபுர்கானின் குரல் வந்தது.

"அடுத்தது நான் சொல்றேன். என் ஜன்னல்ல பள்ளிவாசல் மினாரா தெரியும். அதுல லைட்டு எரிஞ்சா பாங்கு சொல்லப் போறாங்கன்னு அர்த்தம். நான் எந்திரிச்சுத் தொழுவப் போய்டுவேன். சிஸ்டம் ஹேங்குன்னு எழுதிட்டுப் போறது அதுக்குத்தான்."

அவருக்கு அதை அன்றைக்குச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. நான் ஒருத்தியாக மாட்டிக்கொள்ள வேண்டாம் என்றுதான் சொன்னார். மாதக்கணக்கில் அவரைச் சோம்பேறி என்று திட்டிக்கொண்டிருந்த எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

பிறகு கேமராவைப் போட்டு, வரைந்ததைக் காட்டினார்கள். வெற்றிச்செல்வன் பாதி மரம் வரைந்திருந்தான். சைமா ஒரு தலையை மட்டும் வரைந்திருந்தாள், என் வீட்டுக்காரருக்கு இல்லாத மீசையோடு. ஃபுர்கான் வெறும் வெள்ளைத் தாளைத் தூக்கிக் காட்டினார். "எனக்கு இதாங்க தெரிஞ்சுது," என்றார். வாய்விட்டுச் சிரித்தோம். மூலையில் இருந்த கறுப்புக் கட்டம் எப்போது மறைந்தது என்று யாரும் கவனிக்கவில்லை.

அன்றிலிருந்து சைமா ஒரு வழக்கம் வைத்தாள். வேலை நேரத்தில் கேமராவை முகத்துக்கு நேராக வைக்க வேண்டாம், ஜன்னலுக்கு நேராக வைத்தால் போதும். என் திரையின் ஓரத்தில் நாள் முழுக்க நாலு ஜன்னல்கள். ஒன்றில் வெயில் நகரும், ஒன்றில் துணி காயும், ஒன்றில் புறா வந்து உட்காரும். வேலை பார்க்கிறேனா கனவு காண்கிறேனா என்று எனக்கே சந்தேகம் வரும்.

அன்று கேட்டதைப் பற்றி முதலாளி மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மௌனம்தான் என்னை அரித்தது.

தீபாவளி சேல் அன்று மத்தியானம், இரண்டு இடது கால் செருப்பு வந்த கோயம்புத்தூர் அம்மாளுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தேன். எதிர்த்த மலை போயிற்று. பலாமரம் போயிற்று. வேகவேகமாக அடித்தேன், மேகம் என்னைவிட வேகம். புளியமரம் மறைந்ததும் திரை அப்படியே நின்றுவிட்டது. அறை முழுக்க வெள்ளை. அவ்வளவுதான், எல்லாம் போச்சு. மூட்டை கட்ட எந்தப் பையை எடுப்பது என்று யோசித்தபடி அந்த வெள்ளைக்குள் உட்கார்ந்திருந்தேன். கோவிந்தன் டீ கொண்டுவந்து வைத்தது கைக்குச் சுட்டபோதுதான் தெரிந்தது.

சிக்னல் திரும்பியபோது அந்தி நெருங்கியிருந்தது. பயந்துகொண்டே திறந்தேன். என் வரிசையில் ஒருவரும் இல்லை. கோயம்புத்தூர் அம்மாளுக்கு ஃபுர்கான் பதில் எழுதியிருந்தார். வலது கால் கிளம்பிவிட்டதாம். மற்றவர்களை வெற்றிச்செல்வன் எடுத்திருந்தான். எல்லாவற்றையும் அவர்கள் எடுத்ததாகத் திரை காட்டிய நேரம், புளியமரம் பாதி தெரிந்துகொண்டிருந்த நேரம். என் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

போன் அடித்தது. அதாவுல்லா சார்.

"இன்னாம்மா, இன்னிக்கு உங்க மலையில மேகம் எறங்கலியா?"

கரண்ட் போச்சு என்பது நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

"எறங்குச்சுங்க சார். இப்பகூட வூட்டுக்குள்ளதான் இருக்குது."

"ஒரு கஸ்டமர் கூட பாதியில நிக்கலியே?"

"ஃபுர்கானும் வெற்றியும் எடுத்துக்கினாங்க சார்."

"யாரு எடுக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லலீங்க."



"சரி. அப்ப அங்கியே இருங்கம்மா," என்று சொல்லி வைத்துவிட்டார்.

நான் அழுதேன். வெட்கமில்லாமல் அழுதேன். மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது ஃபுர்கானின் ஜன்னலில் வானம் சிவந்திருந்தது. மினாராவில் விளக்கு எரிந்தது. அவர் வரிசையில் கூட்டம் குறையவில்லை. இன்றைக்குப் பார்த்து எப்படி எழுந்து போவது என்று தயங்குகிறார் போலிருந்தது.

அவர் வரிசையில் இருந்தவர்களை மொத்தமாக என் பக்கம் இழுத்தேன். அங்கே நாற்காலி தள்ளுகிற சத்தம் கேட்டது. ஜன்னலைக் கடந்து ஒரு நிழல் போயிற்று.

முதல் ஆள் யாரோ பொறுமையிழந்து கேட்டிருந்தார்: "ஹலோ, யாராவது இருக்கீங்களா?"

"இருக்கேங்க," என்று எழுதினேன்.