மருமகள் பிரித்த மண்டைக்கனம்

கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளி நடத்தும் மாஸ்டருக்குத் தப்பு என்பதே வராது. வண்டி மதிலில் உரசினால், மதிலைத்தான் சாலைக்கு நெருக்கமாகக் கட்டியிருப்பார்கள். மாணவர்கள் வணக்கம் வைத்தால் கண்ணாலேயே வாங்கிக்கொள்வார், தலை அசையாது.

"மண்டைக்கனம், வேறென்ன," என்று அவர் மனைவி பாத்திரத்தோடு பேசுவதுபோல் சமையலறையில் முணுமுணுப்பாள். அவர் காதில் அது ஒருநாளும் விழுந்ததில்லை. மருமகள் காதில் விழுந்தது.

மருமகள் வேறு மொழிக்காரி. கல்யாணத்துக்குப் பிறகுதான் தமிழ் பேசத் தொடங்கினாள். கேட்ட சொல்லையெல்லாம் பொறுக்கிவைத்து, தானே பிரித்துப் பார்த்துப் பொருள் கண்டுபிடிப்பாள்.

மாமனாரிடமே ஓட்டப் பழகி லைசென்ஸும் வாங்கிவிட்டாள். அன்றைக்குப் பள்ளி அலுவலகத்தில் எல்லோரும் கூடி கேக் வெட்டினார்கள். "ரெண்டு வார்த்தை பேசும்மா," என்றார் மாஸ்டர், தன்னைப் பற்றித்தான் பேசுவாள் என்ற நிச்சயத்தில் நாற்காலியில் சாய்ந்தபடி.

"மாமாவுக்கு ரொம்ப நன்றி. இவ்ளோ மண்டைக்கனம் உள்ளவரை நான் பாத்ததே இல்ல. அத்தை தெனமும் சொல்லுவாங்க."

கேக்கை வாயில் வைத்திருந்தவர்கள் மெல்லுவதை நிறுத்தினார்கள். பயிற்சியாளர் ஒருவர் சுவரிலிருந்த சாலைவிதிப் படத்தை அன்றுதான் பார்ப்பவர்போல் உற்றுப் பார்த்தார். மாஸ்டர் மனைவிக்கு மேசைக்கடியில் புகுந்துகொள்ளலாம் போலிருந்தது.

"தெனமுமா?" என்று மாஸ்டர் மனைவியைப் பார்த்தார்.

"சில நாள் ரெண்டு தடவ," என்றாள் மருமகள். "மண்டைன்னா தலை. கனம்னா மரியாதை. கனம் நீதிபதி அவர்களேன்னு சொல்றாங்கள்ல? அப்ப, தலைக்குள்ள சரக்கு உள்ள பெரிய மனுஷர்."

மாஸ்டர் யோசித்தார். "சரியாத்தான் சொல்றா," என்றார். அடக்கிவைத்திருந்த சிரிப்பையெல்லாம் மற்றவர்கள் கைதட்டலாக மாற்றிக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் மாமியார் அசல் பொருளைச் சொன்னாள். மருமகளுக்கு முகமே செத்துவிட்டது. மன்னிப்புக் கேட்க மாமனாரிடம் ஓடியவள், குழப்பத்தோடு திரும்பி வந்தாள்.

"கோவிச்சுக்கிட்டாரா?"

"இல்ல அத்தை. நான் சொன்ன அர்த்தம்தான் சரியாம். இனிமே வீட்ல எல்லாரும் அதையே வச்சுக்கணுமாம்."

மாமியாருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால், வாசலில் மாஸ்டர், ஒரு சுற்று இளைத்தவர்போல் நின்றிருந்தார்.

"நெசமாவே அவ்ளோ கனமா எனக்கு?"

"பின்ன? கட்டுன நாள்லேர்ந்து சுமக்கறவளக் கேளுங்க."

அவர் சமையலறைக்குள் வந்தார். அவள் கழுவிவைத்த தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துணியால் துடைத்தார். பாதித் தட்டுகளில் ஈரம் போகவேயில்லை. அவள் அப்படியே வாங்கி அடுக்கினாள்.