பன்னிரண்டாவது கையெழுத்து

கோப்பை பட்டறை மேசைமேல் இருந்தது. மூன்று கைப்பிடிகள், ஒரு முழம் உயரம், உள்ளே தங்கமுலாம். வெளியே நியூயார்க்கின் பன்னிரண்டு வங்கியதிபர்களின் கையெழுத்துகள், காகிதத்தில் போட்ட கோணலும் சுழியும் மாறாமல், வெள்ளியில் வெட்டப்பட்டிருந்தன. நொடித்த ரயில் கம்பெனியை எடுத்து நிறுத்திய ஆல்டன் த்ரோப்புக்கு அன்றைய மதிய விருந்தில் அவர்கள் தரும் பரிசு அது.

காலை ஒன்பது மணிக்கு, பன்னிரண்டாவது கையெழுத்துக்குரிய தெரன் ஹாஸ்ப்ரக் உள்ளே வந்தார். தொப்பியைக் கழற்றவில்லை.

"என் பேரை யாரு போடச் சொன்னது?"

கோப்பையை எடுத்துப்போக வந்திருந்த விருந்துக் குழுச் செயலர் லைமன் புரூயிட் சிரித்தார். "நான்தான்ப்பா. கையெழுத்துக்கு அனுப்பின தாளை நீ வெறுமனே திருப்பி அனுப்பிட்ட. உன் பழைய லெட்டர்லேர்ந்து எடுத்துக் கொடுத்தேன். பதினோரு பேர்னா நல்லாவா இருக்கும்?"

"மறந்துபோய் அனுப்பல, லைமன். அந்த ரயில் பத்திரத்தை நம்பி வாங்கின டீச்சரம்மாவுக்கும் பால்காரனுக்கும் போட்ட பணத்துல பாதிதான் கிடைச்சுது. அதுக்கு வெள்ளியில விழாவா?" செதுக்குபவர் லிண்ட் பக்கம் திரும்பினார். "அழிங்க."

"சுரண்டிடலாம் ஐயா. ஆனா அந்த இடம் பள்ளமாயிடும். உள்ளேர்ந்து தட்டி எடுத்தா முலாம் போயிடும். மறுபடி பூச ரெண்டு நாளாகும்."

"மேல ஒரு இலையை வெட்டி மறைச்சிடு," என்றார் புரூயிட்.

"இலை கிலை எதுவும் வேணாம். பள்ளமாவே இருக்கட்டும்."

புரூயிட் குரலைத் தாழ்த்தினார். "தெரன், அடுத்த மாசம் எஃகுக் கம்பெனி பங்கு வெளியீடு. எந்தெந்த பேங்கைச் சேர்க்கறதுன்னு த்ரோப்தான் முடிவு பண்ணுவாரு. அதுல இல்லன்னா உன் பேங்க் ஒரு வருஷம் தாங்குமா?"

"தாங்காமலும் போகலாம்."

"லிண்ட், தொடாத! காசு குடுக்கறது நான்."

லிண்ட் சுரண்டும் கத்தியைத் துணியில் துடைத்தார். "கையெழுத்து இவரோடது ஐயா. இவரே போடலைன்னா அது கள்ளக் கையெழுத்து. அதை என் பட்டறையிலேர்ந்து வெளியே அனுப்ப மாட்டேன்."

புரூயிட் கதவைச் சாத்திவிட்டு, சுரண்டும்படி கையசைத்தார். கள்ளக் கையெழுத்து என்ற சொல்லை எந்த வங்கிக்காரரும் உரக்கப் பேசவிடுவதில்லை.

விருந்தில் கோப்பையைச் சாம்பெயினால் நிரப்பினார்கள். ஒருவர் எழுந்து பருகி அடுத்தவர் கையில் கொடுப்பது வழக்கம். முதலில் த்ரோப் தூக்கினார். அவர் கட்டைவிரல் பள்ளத்தில் நின்றது.

"என்ன, நசுங்கியிருக்கு?"

"கொண்டு வரும்போது…" என்று ஆரம்பித்தார் புரூயிட்.

ஹாஸ்ப்ரக் எழுந்தார். "நசுங்கல. என் பேர் இருந்த இடம். நான் போடாத கையெழுத்து. காலையில எடுக்கச் சொன்னேன்."

த்ரோப் கோப்பையைத் திருப்பிப் பார்த்தார். "எடுத்தும் இடம் தெரியுதே, ஹாஸ்ப்ரக்."

"தெரியட்டும்னுதான் மறைக்க வேணாம்னேன்."

"எஃகுப் பட்டியல் திங்கட்கிழமை வருது."

"தெரியும்."

கோப்பை கை மாறி வந்தது. ஹாஸ்ப்ரக் அதை இரு கைகளாலும் வாங்கி, உதட்டில் வைக்காமல், அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். இருபக்கத்து நாற்காலிகளும் அவரை விட்டுச் சற்று நகர்ந்தன. ஆட்டுக்கறி வந்தது. அவர் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.