மாஸ்க்கைக் கழற்றியதும் சுகுமாறன் சொன்னது

1

இதை நான் கதையாக எழுத நினைக்கவே இல்லை. மருத்துவமனையில் வயிற்றுக் குழாய் வைத்திருக்கும் நோயாளிகளைக் கவனிக்கும் தாதி பஸீலா என்னிடம் கேட்டது ஒரே ஒரு பக்கம். வீட்டிலேயே தண்ணீர் மாற்றிக்கொள்கிறவர்கள் குழாயில் கிருமி தொற்றாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று தமிழில் ஒரு துண்டறிக்கை.

“மலாய்ல இருக்கு, இங்கிலீஷ்ல இருக்கு. நம்ம ஆளுங்க வாங்கி மடிச்சு பர்ஸ்ல வெச்சிக்கிறாங்க லா. தமிழ்ல போட்டா படிப்பாங்க. நீங்கதான் பேப்பர்ல கதையெல்லாம் எழுதுறீங்களே, ரூபன்” என்றார்.

உட்கார்ந்தேன். எழுதினேன்.

‘கைகளைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவவும். மின்விசிறியை நிறுத்தவும். சன்னல்களை —’

அத்தோடு நின்றுவிட்டது. சன்னல் என்று எழுதியதுமே எனக்கு ரெங்கம் என்ற எங்கள் சிற்றூரில் என் பக்கத்து வீட்டுச் சன்னல் ஞாபகம் வந்துவிட்டது. தினமும் நான்கு தடவை அதை மூடுவார்கள். மூடியிருக்கும் அரை மணி நேரமும் எங்கள் லோரோங் சந்தில் ஓர் அதிசயம் நடக்கும். சுகுமாறன் அண்ணன் பேசமாட்டார்.

2

அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. முப்பது வருடம் செம்பனைக் குலை லோரி ஓட்டியவர். இஞ்சின் இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகிய குரல். அவர் வீட்டில் தேநீர் குடித்தால் அது சூடாக இருந்ததா என்பது எனக்கும் தெரியும்.

இனிப்புநீர் என்கிற சர்க்கரை நோய் அவருடைய சிறுநீரகங்கள் இரண்டையும் முடித்து இரண்டு வருடம் ஆகிறது. வாரம் மூன்று நாள் மையத்துக்குப் போய் இயந்திரத்தில் ரத்தம் கழுவிக்கொள்ளலாம், இல்லையென்றால் வயிற்றில் ஒரு மெல்லிய குழாய் பொருத்தி வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். “நாலு மணி நேரம் ஒரே நாற்காலியா? லோரியிலயாவது ரோடு மாறும்” என்று குழாயைத் தேர்ந்தெடுத்தார்.

அந்தக் குழாய் வழியாக இரண்டு லிட்டர் மருந்துத் தண்ணீர் வயிற்றுக்குள் போகும். சில மணி நேரம் உள்ளே இருந்து உடம்பின் கழிவை இழுத்துக்கொள்ளும். பிறகு அதைப் பையில் வடித்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஏற்ற வேண்டும். குழாயின் மூடியைத் திறந்து பையோடு இணைக்கும் அந்தச் சில நொடிகள்தான் ஆபத்து. விரல் பட்டாலும் மூச்சு பட்டாலும் கிருமி நேராக வயிற்றுக்குள் போய்விடும்.

இனிப்புநீரால் அண்ணனின் விரல்கள் மரத்துப்போயிருந்தன. அதனால் இணைக்கும் வேலை அவர் மனைவி பிரேமலா அக்காவுடையது. அக்கா தமிழ்ப்பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் சமைக்கிறவர். தண்ணீர் மாற்றும் அறையில் மேசை, ஒரு நாற்காலி, பை தொங்கவிட ஒரு கம்பி. வேறு எதற்கும் அங்கே இடமில்லை. கதவு மூடும், காத்தாடி நிற்கும், இருவரும் மாஸ்க் போடுவார்கள். அதன் பிறகு பேச்சு கிடையாது.

(இந்தக் கடைசி விதியைப் பற்றி பஸீலாவிடம் கேட்டேன். “குழாய் தெறந்திருக்கறப்ப பேசாம இருந்தாப் போதும். ரெண்டு நிமிஷம்” என்றார். அக்காவிடம் போய்ச் சொன்னேன். “தெரியும். மிச்சம் இருபத்தெட்டு நிமிஷம் நானா சேர்த்துக்கிட்டது” என்றார்.)

3

துண்டறிக்கையை மூடி வைத்துவிட்டுக் கதையைத் தொடங்கினேன். போன மாதம் அந்த வீட்டில் என்னவோ நடந்தது என்று எனக்கு அரைகுறையாகத் தெரியும். மகள் கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்னால் அண்ணனுக்குத் தொற்று. மிச்சத்தை நானே இட்டு நிரப்பினேன். கறாரான மனைவி, வாய் ஓயாத கணவன். ஏமாற்றுவது யாராக இருக்கும்? கணவன்தானே!

‘பையில் வடிந்த தண்ணீர் மங்கலாக இருப்பதைச் சுகுமாறன் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். யாருக்கும் தெரியக் கூடாது என்று பையைத் தூக்கிக்கொண்டு கழிவறைக்கு —’

எழுதியவரைக்கும் எனக்குப் பிடித்திருந்தது. அக்காவிடம் படித்துக் காட்டினேன். அவர் துணி மடித்துக்கொண்டிருந்தார். கை நின்றது.

“இப்படி நடக்கல, ரூபன்.”

“கதைதானே அக்கா.”

“கதையா இருந்தா வேற பேரு போடு. அவரு பேரப் போட்டா அவரு செஞ்சதத்தான் எழுதணும்.” ஒரு சட்டையை மடித்து முடித்தார். “தண்ணிய யாருக்கும் தெரியாம ஊத்தினது நான்.”

நான் எழுதியிருந்த பாத்திரம் அந்த இடத்திலேயே செத்துப்போனது. நல்லதுக்குத்தான். அதற்கு நான் உயிரே கொடுக்கவில்லை.

4

இனி அக்கா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

திங்கட்கிழமை சாயங்காலம். வீடு முழுக்கச் சொந்தக்காரர்கள். அக்கா கை கழுவி, மேசையைத் துடைத்து, மாஸ்க் மாட்டி, குழாயின் மூடியைத் திறந்திருக்கிறார். அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. அண்ணனின் அக்கா கிருஷ்ணம்மா. கையில் தொலைபேசி.

“பிரேமா, சாப்பாட்டுக்காரன் லைன்ல இருக்கான். வாழயெல எத்தன?”

மாஸ்க்குக்குள்ளிருந்து பதில் சொன்னார். கிருஷ்ணம்மாவுக்குக் கேட்கவில்லை. “என்னா? என்னா?” என்று உள்ளேயே வந்துவிட்டார். அக்கா மாஸ்க்கைக் கீழே இழுத்தார்.

“நானூறு!”

அவ்வளவுதான். கதவு மூடியது. அக்கா மாஸ்க்கை ஏற்றிக்கொண்டு, கையைக்கூட மறுபடி கழுவாமல், குழாயைப் பையோடு இணைத்துவிட்டார்.

“அங்கயே நிறுத்தியிருக்கணும். குழாய அடச்சிட்டு பஸீலா மிஸிக்கு போன் பண்ணியிருக்கணும். எனக்குத் தெரியும் ரூபன், எனக்குத் தெரியாதுன்னு மட்டும் எழுதிராத. ஒரு வார்த்ததானேன்னு நெனச்சேன்.”

(‘விதியின் விளையாட்டு’ என்று இங்கே ஒரு வாக்கியம் ஆரம்பித்தேன். அழித்துவிட்டேன். வாழையிலை விதியல்ல.)

புதன்கிழமை காலை ஆறு மணி. வடிந்த தண்ணீர் எப்போதும் வெளிறிய மஞ்சளில் தெளிவாக இருக்கும். பைக்கு அடியில் நாளிதழை வைத்தால் எழுத்தைப் படிக்கலாம். அன்றைக்கு அது அரிசி கழுவின தண்ணீர் போல இருந்தது. அண்ணன் அரைத் தூக்கத்தில் இருந்தார். வெளிச்சம் பத்தவில்லை என்று அக்கா தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். விளக்கைப் போட்டுப் பார்க்க அவர் கை போகவில்லை. பையை வெட்டிக் கழிவறையில் ஊற்றிவிட்டார்.

“போட்டுப் பாத்தா தெரிஞ்சிரும்ல, அதான்” என்றார் என்னிடம்.

5

மத்தியானப் பையை அண்ணனே பார்த்தார். நாளிதழை அடியில் வைத்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“பிரேமா, எழுத்து தெரியல. கண்ணு கோளாறா, தண்ணி கோளாறா?”

அண்ணன் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. தானே பஸீலாவை அழைத்தார். ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் சன்னல் வழியாக எனக்கும் கேட்டது.

“வயிறு வலிக்குதாண்ணே?”

“லேசா. சாப்பாடு ருசியில்லன்னா வர்ற வலி மாதிரி.”

“பைய ஊத்திராதீங்க. அப்படியே எடுத்துக்கிட்டு இப்பவே வாங்க. நாளைக்குன்னு சொல்லாதீங்க.”

நான்தான் கார் ஓட்டினேன். குளுவாங் மருத்துவமனைக்குப் போகும்வரை அண்ணன் பையை ஒரு வாளியில் வைத்து மடியில் பிடித்தபடி பேசிக்கொண்டே வந்தார். “அட அலமாக், பாத்தா பார்லி தண்ணி மாதிரியே இருக்கு. கல்யாணத்துல கெளாஸ்ல ஊத்தி வெச்சா ஒருத்தனுக்கும் தெரியாது.” பாதி வழியில் பேச்சு குறைந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார். பின் இருக்கையில் அக்காவின் முகத்தைக் கண்ணாடியில் பார்த்தேன். பயம் என்று நினைத்துக்கொண்டேன்.

பஸீலா பையிலிருந்து மாதிரி எடுத்தார். “மங்கலா வந்தது இதுதான் மொதப் பையா?”

“ஆமா மிஸி” என்றார் அண்ணன், முழு நம்பிக்கையோடு. அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

படுக்கையில் சேர்த்தார்கள். புதுத் தண்ணீரிலேயே கிருமிக்கான மருந்தைக் கலந்து ஏற்றினார்கள். சிங்கப்பூரில் வேலை செய்யும் மகள் லோஷினி எல்லைப் பாலத்து நெரிசலைத் தாண்டி, கையில் பாதி வைத்த மருதாணியோடு வந்து நின்றாள்.

“கல்யாணத்தத் தள்ளிருவோம்ப்பா.”

“லோரி நின்னா தள்ளலாம். கல்யாணத்த எதுக்கும்மா தள்ளணும்?” என்றார் அண்ணன். குரல் பாதிதான் வந்தது. லோஷினி சிரித்துக்கொண்டே அழுதாள்.

6

இங்கே தொற்றுக்கு ஒரு காரணம் தேவைப்படுகிறது. வாசகர்கள் கேட்பீர்கள். என் குறிப்பேட்டில் மூன்று காரணங்கள் இருக்கின்றன. ஒன்று, நானூறு. இரண்டு, வயிற்றில் குழாய் வெளியே வரும் இடத்தைத் துடைத்து ஈரம் போகக் காய வைக்க வேண்டும். கல்யாண அவசரத்தில் ஒருநாள் அண்ணன் குளித்த ஈரத்தோடு கட்டுப் போட்டிருக்கிறார். மூன்று, இரண்டுமே இல்லாத ஏதோ ஒன்று.

வியாழக்கிழமை காலை அக்கா பஸீலாவைத் தாழ்வாரத்தில் நிறுத்தி எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். நானூறு, விளக்கு போடாதது, ஊற்றியது. திட்டு வாங்கத் தயாராகத்தான் போயிருக்கிறார்.

பஸீலா அண்ணனின் நோய்க்குறிப்புத் தாளை எடுத்து நேரத்தைத் திருத்தி எழுதினார். “ஆறு மணி நேரம் போச்சு. நல்லவேள, ஆறோட நின்னுச்சு. யாரு மூச்சு, யாரு வெரலுன்னு எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியாதுக்கா. நான் கேக்கறதெல்லாம் எப்போ மங்கலாச்சுன்னுதான். அதுக்கு மட்டும் பொய் சொல்லாதீங்க.”

“அவர்ட்ட சொல்லிருவீங்களா?”

“அது என் வேல இல்ல” என்றாராம்.

துண்டறிக்கைக்கு இதைவிட நல்ல வாசகம் கிடைக்காது. ‘எப்போது மங்கலானது என்று உண்மையைச் சொல்லவும்’ என்று சேர்த்து, ஒரு பக்கத்தைப் பஸீலாவிடம் கொடுத்துவிட்டேன். அது இப்போது அங்கே சுவரில் இருக்கிறது. ஒரே ஓர் எழுத்துப்பிழையோடு.

7

வெள்ளிக்கிழமை பைக்கு அடியில் எழுத்து தெரிந்தது. சனிக்கிழமை மருத்துவர் வீட்டுக்கு அனுப்பினார். இரண்டு வாரத்துக்குத் தினமும் வந்து மருந்து ஏற்றிக்கொள்ள வேண்டும், வேளை தவறாமல் தண்ணீர் மாற்ற வேண்டும், கல்யாணம் என்றாலும்.

அப்படித்தான் ஞாயிற்றுக்கிழமை, தாலி கட்டி முடிந்த கையோடு, மண்டபத்தில் மணப்பெண் அலங்கார அறை காலியானது. லோஷினியே பூக்கூடைகளை வெளியே தூக்கிக்கொண்டு வந்தாள், கழுத்தில் மாலையோடு. குளிர்சாதனத்தை நிறுத்தினார்கள். அக்கா பட்டுச்சேலை முந்தானையை இடுப்பில் செருகி, வளையல்களையெல்லாம் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினார். ஐந்து விரலையும் தனித்தனியாக.

“யாரு வந்தாலும் கதவத் தெறக்காத. பிரதமரே வந்தாலும்.”

பிரதமர் வரவில்லை. கிருஷ்ணம்மா வந்தார்.

“உள்ள ஆலாத்தித் தட்டு இருக்கு. நகரு.”

“அரை மணி நேரம் ஆகும், பெரியம்மா.”

“அப்படி என்னா ரகசியம் உள்ள?”

“ரகசியம் இல்ல. கிருமி.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு என்ன தோன்றியதோ, ஒரு நாற்காலியை இழுத்துக் கதவுக்குக் குறுக்கே போட்டு உட்கார்ந்துகொண்டார். அதற்குப் பிறகு வந்த எல்லோரையும் அவரே விரட்டினார். என்னைவிடச் சத்தமாக.

உள்ளே முதலில் அமைதி. இணைத்து முடித்திருப்பார்கள். பிறகு அக்காவின் குரல். தானே போட்ட விதியைத் தானே மீறிப் பேசிக்கொண்டிருந்தார். சொற்கள் கேட்கவில்லை. தாழ்ந்த குரல், நடுவில் நிற்கும், மூக்கை உறிஞ்சும், திரும்ப ஆரம்பிக்கும். அவர் என்ன சொல்கிறார் என்று அப்போது எனக்குத் தெரியாது. இப்போது உங்களுக்கும் தெரியும். அண்ணன் ஒரு வார்த்தை பேசவில்லை. அக்கா சொல்லி முடித்த பிறகும் பேசவில்லை. தண்ணீர் ஏறி முடிய வேண்டும், குழாயைப் பிரிக்க வேண்டும், புது மூடியைத் திருக வேண்டும். அதுவரை மாஸ்க்.

பிறகு அவர் குரல் கேட்டது. ஐந்தாறு சொற்கள் இருக்கும். லோரிக்காரரின் குரல் அல்ல. காதருகே பேசும் குரல்.

அதற்கு அடுத்த நொடி அக்கா சிரித்தார். கிருஷ்ணம்மா திடுக்கிட்டுத் திரும்பும்படியான சிரிப்பு.

8

அந்த ஐந்தாறு சொற்கள் என்ன?

அக்காவிடம் கேட்டேன். “எல்லாத்தயும் எழுதிக்க. அத மட்டும் தரமாட்டேன்.” அண்ணனிடம் கேட்டேன். லோரி, தோட்டம், தேநீர் என்று சுற்றி வந்து, கடைசியில் மீன் விலைக்குப் போய்விட்டார்.

நானே எழுதிப் பார்த்தேன்.

‘“எனக்கு அப்பவே தெரியும், பிரேமா.”’ — இல்லை. அவருக்குத் தெரிந்திருந்தால் காலையிலேயே ஊரைக் கூட்டியிருப்பார்.

‘“பரவாயில்ல, விடு.”’ — இதற்கு ஒரு பெண் அழலாம். அப்படிச் சிரிக்கமாட்டாள்.

‘“சரி, எல பத்துச்சா இல்லயா?”’ — இது கொஞ்சம் பக்கத்தில் வருகிறது. ஆனால் இதில் என் புத்திசாலித்தனம் தெரிகிறது, அவர் தெரியவில்லை.

என்னால் முடிந்தது இவ்வளவுதான். நீங்கள் யாரோடாவது நெடுநாள் வாழ்ந்திருக்கலாம். யாருக்காவது கை கழுவிக் கழுவித் தோல் வெளுத்திருக்கலாம். ஒருநாள் விளக்கைப் போடாமல் விட்டிருக்கலாம். உங்களுக்கு என்னைவிட நன்றாக வரும். எழுதுங்கள். ஒரே ஒரு நிபந்தனை. அதைக் கேட்டதும், நான்கு நாள் சரியாகச் சாப்பிடாத ஒரு பெண், மண்டபத்துக்கே கேட்கும்படி சிரிக்க வேண்டும்.

மூடியைத் திருகியாயிற்று. மாஸ்க்கைக் கழற்றிவிட்டு, சுகுமாறன் அவள் பக்கம் குனிந்து சொன்னார்: “