ராஜினாமா செயலி

மனிதவளப் பிரிவு அதிகாரிக்குக் கம்ப்யூட்டரில் ஒரு வரி புரோகிராம் எழுதத் தெரியாது. அதில் அவருக்குத் தனிப் பெருமை வேறு. கம்பெனி நடத்திய பயிற்சி வகுப்பில், திரையில் கட்டங்களை இழுத்துப் போட்டு அம்புக்குறியால் இணைத்தால் செயலி தயார் என்று சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை.

பேனா வாங்க ஒரு செயலி, கூட்ட அறைக்கு ஒன்று, குழாய் ஒழுகினால் சொல்ல ஒன்று. முன்பெல்லாம் பிளம்பரைக் கூப்பிட்டால் வந்துவிடுவார். இப்போது ஒப்புதல் வரும்வரை குழாய் ஒழுகியது. எல்லா ஒப்புதலும் நிர்வாக இயக்குநரின் போனுக்கே போகும்படி வைத்திருந்தார். பெரியவர் கண்ணில் அடிக்கடி பட வேண்டுமல்லவா? துணைப் பொது மேலாளர் நாற்காலி காலியாக இருந்தது. அதற்குத்தான் இத்தனை கூத்தும்.

அவருடைய மச்சினன் நிஜமாகவே மென்பொருள் படித்தவன். வீட்டுக்கு வந்தவனிடம், நீ வருஷக்கணக்கில் படித்துக் கிழித்ததை நான் ஒரு மத்தியானத்தில் செய்கிறேன் என்று அளந்தார். அவன் திரையைப் பார்த்தான்.

“மாமா, சோதிச்சுப் பாக்கத் தனி இடம் வச்சுக்கோங்க. இது நேரா ஆபீஸ்லயே ஓடுது.”

பொறாமை, வேறென்ன என்று மனைவியிடம் சொல்லிவிட்டுத் தூங்கப் போனார்.

மறுநாள் அவருடைய மகா படைப்பு தயாரானது: ராஜினாமா செயலி. விண்ணப்பித்து, இயக்குநர் ‘சரி’ என்று அமுக்கினால் போதும். வாசல் அட்டை, மின்னஞ்சல், கம்ப்யூட்டர் கணக்கு எல்லாம் தானாகவே முடங்கும். ஓடுகிறதா என்று பார்க்கத் தன் பெயரையே போட்டார். காரணம் என்ற கட்டத்தில் ‘இங்கே ஒருத்தனுக்கும் மூளை இல்லை’ என்று எழுதிச் சிரித்துக்கொண்டே அனுப்பினார். அது சோதனை என்று அவருக்குத் தெரியும். செயலிக்குத் தெரியாது.

இயக்குநரோ, போனில் வருவதை வாசிப்பதை எப்போதோ விட்டுவிட்டார். பேனாவுக்கும் குழாய்க்கும் நடுவே இதையும் அமுக்கித் தள்ளினார்.

டீ குடிக்க வெளியே போன அதிகாரியைக் கதவு திரும்ப உள்ளே விடவில்லை. அட்டையைத் துடைத்துத் துடைத்துக் காட்டிப் பார்த்தார். அவர் செய்ததில் சொன்னபடி வேலை செய்தது இது ஒன்றுதான். மச்சினனுக்குப் போன் போட்டார்.

“ரத்து பண்ற பட்டன் எங்க மாமா?”

“அத வைக்கலடா.”

இனி வைக்கலாமென்றால் உள்ளே நுழையக் கணக்கில்லை. மற்ற செயலிகளும் அதே கணக்கில்தான் தொங்கிக்கொண்டிருந்தன. அத்தனையும் கூடவே படுத்துவிட்டன.

சாயங்காலம் காரில் ஏற வந்த இயக்குநரை வாசலிலேயே மறித்தார். அது வெறும் சோதனை, நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் சரியாகிவிடும் என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். இயக்குநர் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தன் போனை எடுத்துப் பார்த்தார்.

“மத்தியானத்துல இருந்து இது ஒரு தடவகூட அடிக்கல. நிம்மதியா இருக்கு,” என்றார். “அப்படியே இருக்கட்டும்.”